வாசற்படியில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்

திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆள் போதவில்லை என்று எழுதிப்போட்டால், இத்தனை பணியிடம் அனுமதிக்கப்பட்டது, இத்தனை நிரம்பியது, மீதிக்கு நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது என்று பதில் வரும். அந்தப் பதிலில் பொய் இருக்காது. ஆனால் பாப்பாக்குடிப் பக்கம் பக்கவாதம் வந்து கிடையில் விழுந்த ஓர் ஆச்சியின் வாசற்படியில் உட்கார்ந்து எண்ணினால் கணக்கு வேறாக வரும். இந்த மாதம் அவரைத் தொட்டுப் பார்க்க யார் வந்தார்கள்? எத்தனை நிமிடம் இருந்தார்கள்? சொல்லிக்கொடுத்ததை வீட்டார் சரியாகச் செய்கிறார்களா என்று மறுபடி வந்து பார்த்தார்களா? பற்றாக்குறையை அலுவலக நாற்காலிகளை வைத்து எண்ணியது போதும், இந்த வாசற்படியில் எண்ணுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. மற்றதெல்லாம் அதற்கான விவரம்.

எழுதுகிறவர்கள், கிராம சுகாதார செவிலியராகவும் இயன்முறை மருத்துவராகவும் மருந்தாளுநராகவும் இந்தப் பக்கத்து ஊர்களில் வேலை பார்த்தவர்கள். எங்கள் கதை இங்கே வேண்டாம். வேலை எப்படி நடக்கும், எந்த இடத்தில் முறியும் என்பது மட்டும் போதும்.

மக்களைத் தேடி மருத்துவம் என்னும் தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்றது. நடக்க முடியாதவர் வீட்டுக்கு மருத்துவம் போக வேண்டியது அரசின் கடமை என்று ஒப்புக்கொண்ட திட்டம் அது. அதை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். மதிப்பதால்தான் அதன் கணக்கையே முதலில் எடுக்கிறோம். ஊராட்சி ஒன்றியத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவர், ஒரு நோய் ஆதரவு செவிலியர். நம் மாவட்டத்தில் ஒன்றியங்கள் ஒன்பது: மானூர், பாளையங்கோட்டை, பாப்பாக்குடி, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், களக்காடு, நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம்.

ஓர் இயன்முறை மருத்துவரின் மாதத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு வீட்டில் வேலையை வேலையாகச் செய்ய 40 நிமிடம் வேண்டும். அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர 20 நிமிடம் என்று வைப்போம். மானூரிலும் ராதாபுரத்திலும் ஊருக்கு ஊர் உள்ள தூரம் தெரிந்தவர்கள் இந்த 20 நிமிடத்தைக் கேட்டுச் சிரிப்பார்கள், இருந்தாலும் இருக்கட்டும். ஒரு நாளைக்கு 6 வீடு. கூட்டம், முகாம், பதிவேடு எல்லாம் போக மாதத்தில் 20 களநாள். மொத்தம் 120 வருகை. பக்கவாதம் வந்த முதல் மூன்று மாதத்தில் ஒருவரை வாரம் இரண்டு முறையாவது பார்க்க வேண்டும், அதாவது மாதம் 8 வருகை. 120ஐ 8ஆல் வகுத்தால் 15. ஓர் ஒன்றியம் முழுவதற்கும் 15 பேர். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்கள், பெருமூளை வாதக் குழந்தைகள், தசைச் சிதைவு நோயாளிகள், மூட்டு தேய்ந்து எழ முடியாதவர்கள் எவரையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆகவே நடைமுறையில் 15 பேருக்குப் பதிலாகப் பல மடங்கு பேரை மாதம் ஒருமுறை பார்ப்பதாக ஆகிவிடுகிறது. மாதம் ஒருமுறை செய்யும் பயிற்சி, பக்கவாதத்துக்கு நலம் விசாரித்த மாதிரிதான். பல பேருக்குத் தொடக்க வாரங்களில் கை கால் துவண்டு கிடக்கும். பிறகு இறுக ஆரம்பிக்கும். முழங்கை மடங்கும், விரல்கள் முஷ்டியாகும், பாதம் முன்பக்கமாகத் தொங்கிக் குதிகால் தசைநார் குறுகும். குறுகி நின்றுவிட்டால் பிறகு வீட்டில் செய்யும் பயிற்சியால் நிமிர்த்துவது பெரும்பாடு. இன்னொன்று, தூக்கி உட்கார வைக்கும்போது செத்த கையைப் பிடித்து இழுப்பது. வீட்டார் அன்போடு செய்கிற தப்பு இது. துவண்ட தோளில் மூட்டு இறங்கிவிடும், அதன்பின் வலியால் அந்தக் கையைத் தொடவே விடமாட்டார்கள்.

இதில் பாதியை ஆள் கூட்டாமலே தடுக்கலாம். வருகைகளை மாதத்துக்கு ஒன்று என்று சமமாகப் பரப்பாமல் முன்பக்கம் குவிக்க வேண்டும். வீடு திரும்பிய முதல் வாரத்தில் இரண்டு வருகை, பத்து நாளில் ஒன்று, மாத முடிவில் ஒன்று. அந்த முதல் இரண்டும் வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்கும் வருகைகள். ஒவ்வொரு மூட்டையும் வலிக்காத எல்லை வரை 10 முறை, காலையும் மாலையும். தோளைத் தாங்கியபடி கையை உயர்த்துவது எப்படி, முதுகுப்பட்டையில் கைவைத்துப் புரட்டுவது எப்படி என்று செய்துகாட்டி, அவர்களைச் செய்ய வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் நோயாளி வீடு திரும்பிய செய்தி ஒன்றியத்துக்கு வந்தால்தானே? பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிறவரின் பெயரும் ஊரும் ஒன்றியத்துக்குத் தானாக வருவதில்லை. வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அக்கா தெருவில் கேள்விப்பட்டுச் சொன்னால் உண்டு. அதற்குள் ஆறு வாரம் போயிருக்கும். டிஸ்சார்ஜ் அன்றே வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு போன், ஒரு வரிச் செய்தி. இதற்கு அரசாணை தேவையில்லை, ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கை போதும்.

நோய் ஆதரவு செவிலியரின் கதை இன்னும் கடினம். படுக்கைப்புண், சிறுநீர்க் குழாய், மூக்குவழி உணவுக் குழாய், புற்றுநோய் வலி எல்லாம் ஒருவர் தலையில். இயன்முறை மருத்துவரும் இவரும் பெரும்பாலும் ஒரே வண்டியில் போகிறார்கள். ஒருவருக்கு 40 நிமிட வேலை, மற்றவருக்கு 15 நிமிட வேலை என்றால் ஒருவர் திண்ணையில் காத்திருப்பார். இருவருக்கும் வேலை உள்ள வீடுகளை ஒரு பாதையாகவும், ஒருவருக்கு மட்டும் வேலை உள்ள வீடுகளை அடுத்தடுத்த தெருவாகவும் பிரித்து வழித்தடம் போட்டாலே நாளுக்கு ஒரு வீடு கூடும்.

சிறுநீர்க் குழாய் பற்றி ஒரு கணக்கு சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே வாங்கும் பொருள்தான் ஆள் பற்றாக்குறையை உண்டாக்குகிறது. சாதாரண லேடக்ஸ் குழாயை 2 முதல் 4 வாரத்தில் மாற்ற வேண்டும். முழு சிலிக்கான் குழாய் 12 வாரம் வரை இருக்கும். ஓர் ஒன்றியத்தில் 30 பேருக்குக் குழாய் இருப்பதாக வைத்துக்கொண்டால், 3 வாரத்துக்கு ஒருமுறை மாற்ற மாதம் 43 வருகை வேண்டும். சிலிக்கான் என்றால் 11. மிச்சப்படும் 32 வருகை ஐந்து களநாளுக்குச் சமம். சிலிக்கான் விலை கூடுதல்தான். உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும் உடம்புக்காரருக்கு அதையும் முன்கூட்டியே மாற்ற வேண்டிவரும். ஆனாலும் ஐந்து நாள் செவிலியர் நேரத்தின் விலையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகத்துக்கு அனுப்பும் தேவைப் பட்டியலில் வீட்டு நோயாளிகளுக்கென்று தனியாக இந்தக் குழாயைக் கேட்க வேண்டும். வார்டுக்கு வாங்கும் கணக்கில் இது அடிபட்டுப் போகும்.

குழாய் அடைத்தால் என்ன நடக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறோம். அடிவயிறு உப்பும், குழாயைச் சுற்றி மூத்திரம் கசியும், இரவில் குளிர் காய்ச்சல் வரும். செவிலியர் மறுநாள்தான் வர முடியும். 108ஐக் கூப்பிட்டு ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால், இடம்பிடித்து, கூட ஒருவர் இருந்து, மூன்று நாள். குழாய்ப் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக்கூடாது, முக்கால் நிறையும் முன் காலி செய்ய வேண்டும், குழாய் மடங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த நான்கையும் வீட்டாருக்குச் சொல்லியிருந்தால் பல இரவுகளில் ஆம்புலன்ஸ் தேவைப்பட்டிருக்காது.

படுக்கைப்புண்ணும் அப்படித்தான். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். யார் புரட்டுவது? முக்கூடல், வீரவநல்லூர், பத்தமடை, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கிடையில் உள்ளவரைப் பார்க்கிற மகளோ மருமகளோ பீடி சுற்றுகிறவர். ஆயிரம் பீடிக்குத்தான் கூலி. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு, கொடுத்த இலைக்கும் தூளுக்கும் கணக்கும் சொல்ல வேண்டும். அவருக்கே இடுப்பு வலி, மூச்சிரைப்பு. முக்கூடலில் மத்திய அரசின் பீடித் தொழிலாளர் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் உள்ள பீடித் தொழிலாளர் நல நிதிக்கு ஆதாரமாக இருந்த பீடி மீதான செஸ் 2017இல் ஜி.எஸ்.டி.யோடு நீக்கப்பட்டுவிட்டது. ஆக, நோயாளியைப் பார்க்கிற ஆளும் நோயாளிதான் என்று எடுத்துக்கொண்டு வருகையைத் திட்டமிட வேண்டும். அவர் பீடி கொண்டு போய்க் கொடுத்துத் திரும்பும் நேரத்தில் செவிலியர் வந்தால் பூட்டிய வீட்டைத்தான் பார்ப்பார்.

புண் வருமுன் அடையாளம் ஒன்று உண்டு. அழுத்தி விட்டால் வெளுக்காத சிவப்பு என்று புத்தகத்தில் இருக்கும். நம் ஊர்க் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. வால் எலும்பு, இடுப்புமேடு, குதிகால் மூன்றிலும் புறங்கையால் தடவி, பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குதிகாலுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய கையுறை வைப்பது பழைய பழக்கம், பலன் இல்லை. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விட வேண்டும். தன்னார்வலருக்கு இதை அரை மணியில் கற்றுக்கொடுக்கலாம். மாத்திரை கொடுக்கப் போகும் அதே வருகையில் அவர் தடவிப் பார்த்துச் சொல்லிவிட்டால், புண் ஆழமான பிறகு செவிலியர் மாதக்கணக்கில் கட்டு மாற்றும் வேலை மிச்சமாகும்.

அந்தத் தன்னார்வலர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். மாதச் சம்பளமும் இல்லை, ஊக்கத்தொகைதான். இவர்கள் இல்லையென்றால் திட்டமே இல்லை. ஆனால் எண்ணிக்கை கேட்கப்படும்போது முதலில் கெடுவது இவர்கள் வேலைதான். மாத்திரை கொடுத்த தேதி பதிவில் ஏறிவிட்டால் வருகை முடிந்ததாக ஆகிவிடுகிறது. குளுக்கோமீட்டருக்குப் பட்டை தீர்ந்துபோன மாதத்திலும் வருகை முடிந்ததுதான். பிரஷரை 5 நிமிடம் உட்கார வைத்து, கையைத் தாங்கலில் வைத்து, இரண்டு முறை பார்க்க வேண்டும். ஓட்டமாய் ஓடி ஒருமுறை பார்த்த எண்ணை நம்பி மருந்து கூட்டினால் முதியவர் எழுந்திருக்கும்போது விழுவார். 65 வயதைத் தாண்டியவருக்கு உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒரு முறை பார்க்க வேண்டும். மேல் எண் 20 இறங்கினால் மருத்துவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு எண்ணும் எழுத பதிவேட்டில் இடம் இருந்தால்தான் இது நடக்கும். இடம் இல்லாத எதுவும் நடப்பதில்லை என்பது அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் வருவோம். காலை 9 முதல் 1 வரை 240 நிமிடம். 120 பேர் வந்தால் ஆளுக்கு 2 நிமிடம். இரண்டு மருத்துவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் வேறு நிலையத்துக்கு மாற்றுப்பணியில் போயிருந்தால் இதுதான் நிலை. இந்த 2 நிமிடத்தில் யாரும் கேட்க முடியாத கேள்வி ஒன்று உண்டு: "காலையில் என்ன சாப்பிடுவீங்க?" மகன் திருப்பூரிலோ மும்பையிலோ இருக்க, தனியாக இருக்கிற ஆச்சி காலையில் நீத்தண்ணி குடித்துவிட்டுச் சீனி மாத்திரையைப் போடுவார். கிளிமிபிரைடு வகை மாத்திரை வயிற்றில் சோறு இருக்கிறதா என்று பார்க்காது, இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். 11 மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, வாய் குழறும். பக்கத்து வீட்டார் வாதம் என்று நினைப்பார்கள். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால் மெட்பார்மினுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரகச் சோதனை பார்க்க வேண்டும். அதற்கு ஆய்வக நுட்புநர் வேண்டும்.

ஆய்வக நுட்புநர் இடம் காலியாக இருந்தால், அல்லது ஒருவரே இரண்டு நிலையத்தைப் பார்த்தால், நடக்க முடியாதவர் ஒரே சோதனைக்கு இரண்டு முறை வர வேண்டியிருக்கிறது. முதியோர் ஓய்வூதியம் மாதம் ரூ.1,200. ஆட்டோவில் இரண்டு முறை போய்த் திரும்பினால் அதில் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே கணக்கிடலாம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை. ஆனால் அது படி ஏற முடிந்தவர்களுக்கு மட்டும்தான் இலவசம். தீர்வு, செவிலியர் வீட்டிலேயே ரத்தம் எடுத்து வருவது. செய்யும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சர்க்கரைக்கு எடுப்பதைச் சாம்பல் மூடிக் குழாயில்தான் எடுக்க வேண்டும். வேறு குழாயில் எடுத்து வெயிலில் சுற்றிக்கொண்டு வந்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். பிறகு அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்து "சீனி நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்புவோம்.

மருந்தாளுநர் இல்லாத நாளில் செவிலியர் மாத்திரை கொடுக்கிறார். ஊசியும் கட்டும் நிற்கும். பொட்டலத்தில் எழுத நேரம் இருக்காது. இதில் எங்கள் ஊருக்கு மட்டுமல்ல, மாநிலம் முழுவதற்கும் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. கொள்முதலில் கம்பெனி மாறினால் அதே ஆம்லோடிபின் பிரஷர் மாத்திரை வேறு நிற அட்டையில் வரும். படிக்கத் தெரியாதவர் அதைப் புது மாத்திரை என்று எடுத்துக்கொண்டு, வீட்டில் மிச்சமிருந்த பழையதையும் சேர்த்துப் போடுவார். கால் வீங்கும், தலை சுற்றும். பொட்டலத்தில் சூரியன், நிலா படம் போட்ட முத்திரை இரண்டு, "இது பழைய பிரஷர் மாத்திரைதான்" என்று சொல்லி பழைய அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரு நோயாளிக்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்துக்கு ஆள் வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இரண்டு சொல். அரசு தரும் குப்பி மி.லி.க்கு 40 யூனிட் அளவு, அதற்குச் சிவப்பு மூடி ஊசிதான் பொருந்தும். மெடிக்கலில் வாங்கிய ஆரஞ்சு மூடி 100 யூனிட் ஊசியில் அதே கோடு வரை இழுத்தால் தேவையில் பாதிகூட உள்ளே போகாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானை ஈர மணலில் சிறு டப்பாவுக்குள் குப்பியை வைக்கலாம். திறந்த தேதியை அதில் எழுதி 4 வாரத்தில் மாற்ற வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் ஓட்டு வீட்டு அலமாரியில் வைத்த இன்சுலின் வெறும் தண்ணீர்.

இனி ஆள் ஏன் நிற்பதில்லை என்பது. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் ஒப்பந்தத்தில் எடுக்கும் பணிகளுக்கு 11 மாதம் என்று வரையறை. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் இயன்முறை மருத்துவருக்கு ரூ.13,000, இடைநிலை சுகாதாரப் பணியாளருக்கு ரூ.18,000. நாலரை ஆண்டு படித்த இயன்முறை மருத்துவர் அந்தத் தொகைக்கு ராதாபுரத்தில் வாடகை கொடுத்து எத்தனை மாதம் இருப்பார்? வேறு இடம் கிடைத்ததும் போவார், போவதில் தவறில்லை. புதியவர் வரும்வரை இடையில் இரண்டு மூன்று மாதம் போய்விடும். வந்தவர் கையில் பழையவரின் நோயாளிப் பட்டியல் இருக்காது. சம்பளத்தை உயர்த்துவது சென்னையில் முடிவாக வேண்டிய விஷயம், அதை இயக்குநர் அவர்கள் முன்வைக்க வேண்டும். ஆனால் விலகுகிறவரும் சேர்கிறவரும் பத்து நாள் ஒன்றாக வீடுகளுக்குப் போக வேண்டும், பட்டியல் எழுத்தில் கைமாற வேண்டும் என்று மாவட்டத்திலேயே விதி வைக்கலாம்.

மருத்துவர் பக்கத்தில் காரணம் வேறு. அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் 50 சதவீத இடம் உண்டு. கிராமத்தில் வேலை செய்ய இளம் மருத்துவர்கள் முன்வருவதே இதனால்தான், அதைத் தொடக்கூடாது. ஆனால் கலந்தாய்வு முடிகிற மாதத்தில் நிலையங்கள் காலியாவது வருடா வருடம் நடப்பது. கார்த்திகையில் மழை வரும் என்று தெரிந்தும் ஓட்டை மாற்றாதது மாதிரி, அது ஒவ்வோர் ஆண்டும் எதிர்பாராததாகவே நடத்தப்படுகிறது. கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தவர்களின் பட்டியல் முன்பே கையில் இருக்கிறது. அந்த நிலையங்களுக்கு மாற்று ஏற்பாட்டையும் முன்பே எழுதி வைக்கலாமே. மாற்றுப்பணியும் இப்படியே. சம்பளம் ஒரு நிலையத்தில், வேலை இன்னொரு நிலையத்தில். பட்டியலில் இரண்டுமே நிரம்பியிருக்கும். வாசற்படியிலிருந்து பார்த்தால் ஒன்று காலி.

கிராம சுகாதார செவிலியரை மக்கள் இன்னும் நர்சம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். புதன்கிழமை தடுப்பூசி. மற்ற நாளில் கர்ப்பிணிப் பெண்கள், அவர்களுக்கான பிக்மி இணையப் பதிவு, வட்டாரக் கூட்டம், முகாம். இதற்கு நடுவில் எட்டிப் பார்க்கக் கடைசியாக மிஞ்சுவது முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும். ஏனென்றால் அவர்களைப் பார்க்காவிட்டால் மேலிருந்து எந்தப் படிவமும் கேட்பதில்லை. தாய் இறப்பு ஒன்று நடந்தால் தணிக்கை உண்டு, அது தேவையும்கூட. படுக்கைப்புண்ணில் இறந்தவருக்குத் தணிக்கை கிடையாது. துணை சுகாதார நிலையத்துக்கு செவ்வாயும் வெள்ளியும் வீட்டு வருகை நாள் என்று அறிவித்து, அந்த இரண்டு நாளில் எந்தக் கூட்டத்துக்கும் முகாமுக்கும் கூப்பிடக்கூடாது என்று ஆட்சியர் ஒரு சுற்றறிக்கை விட்டால், அன்றே மாதத்துக்கு எட்டுக் களநாள் கிடைத்துவிடும். எங்கள் கோரிக்கைகளில் செலவே இல்லாததும், மிகக் கடினமானதும் இதுதான். கூட்டம் போடுகிறவர்கள்தான் அதை விட வேண்டியவர்கள்.

தலைக்கணக்கு விதியைப் பற்றி. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று. 30,000க்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையில் 20,000. காரையாறு, சேர்வலாறு, மயிலாறு, அகஸ்தியர் காலனி, அணைக்கு அப்பால் காட்டுக்குள் நடந்து போக வேண்டிய இஞ்சிக்குழி ஆகிய காணிப் பழங்குடிக் குடியிருப்புகளை எல்லாம் கூட்டினாலும் இந்த எண்ணை எட்டாது. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்துப் பக்கம் 2024இல் தேயிலைத் தோட்டத்தை மூடும் நடவடிக்கை தொடங்கியபின் ஆள் குறையக் குறைய, தலைக்கணக்கில் பணியிடம் கேட்பதே முடியாததாகிவிடும். புலிகள் காப்பகத்துக்குள் போகிற பணியாளர் சோதனைச் சாவடி நேரத்துக்குள் இறங்கியாக வேண்டும். அங்கே ஒரு வீட்டு வருகை என்பது ஒரு நாள். சமவெளியின் 6 வீட்டுக்கு மலையில் 1 வீடு என்று இலக்கை மாற்றி எழுதாவிட்டால், இலக்கைக் காப்பாற்ற விரும்பும் எந்தப் பணியாளரும் மலை ஏறமாட்டார். அந்தக் குடியிருப்பிலேயே படித்த ஒருவரைத் தன்னார்வலராக எடுத்து, பிரஷர் கருவியும் குளுக்கோமீட்டரும் அவர் கையிலேயே விட்டுவிடுவது நல்லது.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தின்போது தாமிரபரணிக் கரையில் வீடுகளில் தண்ணீர் ஏறியது. அந்த மாதிரி நாளில் யாரை முதலில் தூக்க வேண்டும் என்று தெருவாரியாகச் சொல்லும் பட்டியல் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்க வேண்டும். கிடையில் உள்ளவர், டயாலிசிஸ் போகிறவர், இன்சுலின் போடுகிறவர், ஆக்ஸிஜனில் இருப்பவர். ஐப்பசி பிறக்குமுன் இவர்களுக்கு 15 நாள் மருந்து கூடுதலாக, தண்ணீர் புகாத உறையில் கொடுத்து வைக்க வேண்டும்.

சட்டம் பேசுவது எங்கள் நோக்கமில்லை. ஆனாலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 25ஆம் பிரிவு அருகிலேயே சிகிச்சை, தடையற்ற கட்டடம், முன்னுரிமை மூன்றையும் சொல்கிறது. மூத்த குடிமக்கள் சட்டம் 2007இன் 20ஆம் பிரிவு தனி வரிசையைச் சொல்கிறது. 15 செ.மீ. உயரப் படி இரண்டு உள்ள நிலையத்துக்குச் சாய்தளம் 3.6 மீட்டர் நீளம் வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதுதான் கணக்கு. இடமில்லை என்று ஒன்றரை மீட்டரில் கட்டியதைச் சைக்கிள் ஏற்றத்தான் பயன்படுத்த முடியும். பரிசோதனை மேசை 80 செ.மீ. உயரம், சக்கர நாற்காலி 45 முதல் 50 செ.மீ. தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும். ஒரே செவிலியர் இருக்கும் நிலையத்தில் அதனால்தான் நாற்காலியில் வந்தவரை நாற்காலியிலேயே பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். 45 செ.மீ. உயரக் கட்டில் ஒன்று போட்டால் ஓர் ஆள் மிச்சம்.

முடிக்குமுன் உடனடியாகச் செய்யக்கூடிய ஒன்று. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலிலும் மாதம் ஒருமுறை மாற்றும் ஒரு பலகை வைக்க உத்தரவிடுங்கள். பணியிடத்தின் பெயர், இந்த மாதம் அந்த ஆள் இங்கே உண்மையில் வேலை பார்த்த நாட்கள், மாற்றுப்பணியில் போன நாட்கள், வீட்டு வருகைகளின் எண்ணிக்கை, கிடையில் உள்ள நோயாளிகளின் எண்ணிக்கை. ஐந்து கட்டம் போதும், நோயாளிகளின் பெயர் வேண்டாம். முதல் பலகையை எந்த ஒன்றியத்தில் வைப்பது என்பது உங்கள் விருப்பம். எங்களைக் கேட்டால் பாப்பாக்குடியில் தொடங்கலாம் என்போம், பீடிக் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி போக முடியாத வீடுகள் அங்கே அடுத்தடுத்து இருப்பதால். எந்தத் திங்கட்கிழமை மனுநாளில் வரச் சொன்னாலும், வழித்தட வரைபடமும் மாதிரிப் பதிவேடும் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
திருநெல்வேலி மாவட்டக் கிராமப்புறங்களில் பணியாற்றிய செவிலியர்கள், இயன்முறை மருத்துவர்கள், மருந்தாளுநர்கள் சிலர்